மகளுக்குப் பதிலாக நான் போன தொடக்கக் கூட்டம்

என் மகள் தேன்மொழிக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளால் கடலூர் போக முடியாது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அதனால் நான் போனேன்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. மகள் படித்தாள். கட்டடத்துக்குள் எது எங்கே வர வேண்டும், ஆள் எப்படி நடக்க வேண்டும், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். வயிற்றில் குழந்தை என்று தெரிந்ததும் வேலை கொடுப்பதைக் குறைத்தார்கள். பிறகு வர வேண்டாம் என்றார்கள். சொந்தமாகச் செய்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்தாள். நாள் போனது, ஒன்றும் வரவில்லை. முதலில் வந்தது இதுதான். சிதம்பரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, மாடியில் சின்ன ஹால். போடுகிறவர் கடலூர்க்காரர். இது கையில் நின்றால் இதைக் காட்டி அடுத்ததைப் பிடிக்கலாம். நிற்காவிட்டால் தொழிலை விட்டுவிட்டு ஏதாவது கடையில் கம்ப்யூட்டர் தட்டப் போக வேண்டியதுதான். அவளே சொன்னாள்.

"படம் அப்புறந்தாம்ப்பா. வேலைல சம்பந்தப்பட்ட எல்லாரையும் முதல்ல ஒரே எடத்துல உக்கார வச்சுப் பேசணும். அதை ஒழுங்காப் பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அதற்குப் பெயர் தொடக்கக் கூட்டமாம். அவள் போனில் வருவாள். நான் அங்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"நான் என்ன பேசோணும்?"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். எல்லார் மூஞ்சியும் தெரியற மாதிரி புடி, போதும்."

பேச வேண்டாம் என்றால் எனக்குக் கஷ்டமே இல்லை.

பண்ருட்டி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். கண்டக்டர் பின்னால் போய்ப் பார்த்தார். கோளாறு இரண்டு பக்கமும் இல்லை போலிருக்கிறது, இருவரும் நடுவில் வந்து நின்றார்கள். பலாப்பழச் சுளை பொட்டலத்தோடு என் பக்கத்தில் இருந்த அம்மாள் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி நின்னுகிச்சு. நான் இன்னா பண்ணட்டும், தள்ளிக்கினா வர முடியும்?"

போனை வைத்துவிட்டு எனக்கு ஒரு சுளை கொடுத்தார். "சாப்புடுங்க. கடலூரு எங்கயும் ஓடிப் போவாது."

அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அந்த வண்டி எங்கள் ஊரில் கட்டியது. பார்த்தாலே தெரியும். மேல் கம்பி இன்னும் ஆடவில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லாட்ஜ். கீழே மெஸ். கரூரில் நாங்கள் தின்பது அணை மீன். இங்கே கடல் மீன். பரிமாறியவர் என் இலையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாங்க, முள்ளப் பாத்து பயப்புடறீங்களா? சங்கராவுல முள்ளு ஜாஸ்தி கெடையாது. தெகிரியமா சாப்புடுங்க."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. குழம்பில் எங்கள் ஊரைவிடப் புளி அதிகம். இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன்.

மறுநாள் காலையில் கடல் பார்க்கப் போனேன். அதுவரை பார்த்ததில்லை. பெரிதாக இருந்தது. சத்தமும் அதிகம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். கூட்டம் அன்றைக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் அன்றைக்கு நாள் நன்றாக இல்லை, அடுத்த நாள் பூஜை போட்டுத் தொடங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு மட்டும் வந்து போகச் சொன்னார்.

அவர் பெயர் கலியபெருமாள். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு கடலூரிலேயே, செம்மண்டலத்தில். கடை வரப்போகும் இடம் அவர் மனைவியின் தம்பி சக்திவேலுடையது. சக்திவேல் இருப்பது சிதம்பரத்தில். பணம் மாமா, இடம் மச்சான் என்று கலியபெருமாளே சொல்லிச் சிரித்தார். என்னைச் சோபாவில் உட்கார வைத்தார். அவர் மனைவி சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். நான் போனில் மகளை அழைத்து, கலியபெருமாள் முகம் தெரிகிற மாதிரி பிடித்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் அவள் முகம் வராது, குரல் மட்டும்தான்.

"பாப்பா லைன்ல வந்துகிச்சா?"

"இருக்கேன் சார்."

"சரிம்மா, சரிம்மா." என் பக்கம் திரும்பினார். "கரூர்ல எங்க நீங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட. அங்க நம்ம சகலையோட சம்பந்தி ஊடு கீது. பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துல. நீங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். இது தெருவைப் பற்றியது இல்லை. கேட்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கொஞ்சம் தள்ளிங்க."

"தள்ளின்னா, எந்தப் பக்கம் தள்ளி?"

அதற்குள் மகள் குரல் கொடுத்தாள். "சார், நாளைக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்த வேலைல கடைசி முடிவு யாருது? உங்களுதா, உங்க மச்சானுதா?"

"இன்னாம்மா இப்புடிக் கேட்டுட்ட. நாந்தான். மச்சான் சும்மா."

"நீங்க ஊர்ல இல்லைன்னா?"

"அப்பவும் நாந்தான்."

அந்த அம்மாள் உள்ளே ஏதோ பாத்திரத்தை நகர்த்தினார். கலியபெருமாள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்.

மறுநாள் அவர் காரிலேயே சிதம்பரம் போனோம். என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். பின்னால் தேங்காய், பழம், பூ, அவர். தொழிற்பேட்டை தாண்டும்போது நாற்றத்துக்காக டிரைவர் கண்ணாடியை ஏற்றினார். கலியபெருமாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். "டிசைன் பண்ற பொண்ணோட அப்பாவே வந்துகினு கீறாரு. கரூர்லேர்ந்து. சொந்தக்காரங்க மாரி ஆயிட்டாங்க." நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் இந்த மாதிரித் தண்ணீர் கிடையாது. இங்கே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கொடுத்தார்கள். கலியபெருமாள் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். "இந்த ஊருக்கு வந்து இதச் சாப்புடலன்னா வந்ததே வீண்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கடை இடத்தில் சுவர் எழும்பி, தளம் போட்டிருந்தது. பூச்சு இல்லை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். சக்திவேல் வந்திருந்தார். கொத்தனார் வேலையை எடுத்திருக்கும் மேஸ்திரி, சமைக்கப் போகும் மாஸ்டர், இவர்களும் வந்திருந்தார்கள். இவர்களைக் கூப்பிடச் சொன்னதே என் மகள்தான். இவர்கள் எதற்கு என்று கலியபெருமாள் போனில் கேட்டிருக்கிறார். அவர்கள் இல்லாமல் பேசினால் பேசியது நிற்காது சார் என்று சொல்லியிருக்கிறாள்.

சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். சக்திவேல் எனக்குத் துண்டு போர்த்தினார். மகள் போனில் காத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வழியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் கையை நீட்டிப் போனைப் பிடித்தேன்.

"சாப்பிட வர்ற ஒருத்தர் தெருவுல இருந்து உள்ள வர்றார். முதல்ல என்ன பண்றார்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள்.

"கையக் கழுவுவாரு" என்றார் மாஸ்டர்.

"கல்லாவுல என்னப் பாத்துக் கும்புடுவாரு" என்றார் கலியபெருமாள்.

"மாமா வாசல்லயே உக்காரணும்ங்கறாரு. அவரப் பாத்துட்டு பாதிப் பேரு அப்புடியே திரும்பிடுவாங்க" என்றார் சக்திவேல்.

"ஏன் மச்சான், உன்னப் பாத்தா மட்டும் ஓடியாந்துடுவாங்களா?"

சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கை கழுவும் இடத்துக்குச் சண்டை வந்தது. முன்னால் வேண்டும் என்றார் மாஸ்டர். வாசலில் எச்சில் தண்ணீர் ஓடக்கூடாது என்றார் கலியபெருமாள். அவள் இரண்டு பேரையும் பேச விட்டாள். குறுக்கே போகவில்லை. பிறகு, "நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா அங்கயே நிறுத்துங்க" என்று சொல்லி, ஒவ்வொருவர் சொன்னதையும் சொன்னாள். இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். திருத்திக்கொண்டாள். எதெல்லாம் தன் வேலை இல்லை என்பதையும் சொன்னாள். போர்டு எழுதுவது, ஏசி மாட்டுவது இதெல்லாம் இல்லை. யாரும் கோபப்படவில்லை.

எங்கள் பட்டறையில் வண்டிக்காரர் ஒன்று சொல்வார், பெயிண்டர் காதில் வேறொன்று விழும். வண்டி வெளியே போகிற அன்றைக்குத்தான் சண்டை வரும். இங்கே என் மகள் சண்டையை முதல் நாளே வரவழைத்து, உட்கார வைத்து, அனுப்பிவிட்டாள். எனக்குக் கை வலித்தது. மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

முடிக்கும்போது அவள் கேட்டாள்.

"கடைசியா ஒண்ணு. இந்த வேலைல உங்க மனசுல என்ன உறுத்துது? ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். ஒண்ணும் இல்லைன்னு சொல்லக் கூடாது. இப்ப சொல்லாம வச்சுக்கறதுதான் பின்னால வேலையை நிறுத்தும்."

மேஸ்திரி, மழை பிடித்தால் தெருத் தண்ணீர் உள்ளே வரும், தரையை இன்னும் தூக்க வேண்டும் என்றார். மாஸ்டர், "பொக வெளிய போவணும். பொக போவலன்னா நான் போயிடுவேன்" என்றார். சக்திவேல், "மாமா மனசு மாறுவாரு. அதான் எனக்கு" என்றார்.

"நான் எப்ப மாறுனேன் மச்சான்?"

"கல்யாண மண்டபம்னு ஆரம்பிச்சதுதான மாமா இது."

கலியபெருமாள் முறை வந்தது. "எனக்கு இன்னாம்மா. நல்லபடியா நடக்கணும். நம்பிக்கையான ஆளுங்க கையில இருக்கணும், அவ்ளோதான்." பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்களும் ஒண்ணு சொல்லுங்க. நீங்களுந்தான கூட்டத்துல கீறீங்க."

நான் போனைப் பார்த்தேன்.

"சொல்லுப்பா. எல்லாருந்தானே" என்றாள் மகள்.

சொன்னேன். "முந்தாநேத்து எந்தத் தெருன்னு கேட்டீங்க..." இல்லை, முந்தாநாள் இல்லை, நேற்றுதான். திருத்திக்கொண்டு சொன்னேன். "நேத்து எந்தத் தெருன்னு கேட்டீங்க. நாங்க காலனிங்க. சமையக்கட்டு, சாமி படம் வைக்கற எடம் எல்லாம் எம்பொண்ணு உள்ள வந்து அளப்பா. அவதான் படம் போடுவா. அதுல உங்களுக்கு ஏதாவது இருந்தா இப்பவே தெரிஞ்சா தேவலைங்க. என் மனசுல உறுத்தறது அதுதானுங்க."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

"அட, இன்னாங்க நீங்க. இந்தக் காலத்துல போயி" என்றார் கலியபெருமாள். "எங்க கம்பெனில எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புட்டோம்."

"அதெல்லாம் இப்ப யாருங்க பாக்கறா" என்றார் சக்திவேல்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

"நன்றி சார். எல்லாரும் சொன்னதை எழுதி அனுப்பறேன். படிச்சுட்டு சரின்னு சொல்லுங்க, வேலையை ஆரம்பிச்சுடலாம்" என்றாள் மகள். குரல் மாறவில்லை. போனை வைத்துவிட்டாள்.

காப்பி வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப். பேப்பர் கப் வந்தது எல்லாருக்கும் வசதியாகிவிட்டது. யாரும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

நான் பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனேன். மேஸ்திரியும் வந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இப்ப சொல்லியிருக்க வேணாம்."

"எப்பச் சொல்றது?"

"படம் போட்டு முடிச்ச பொறவு. படமாவது மிஞ்சியிருக்கும்." காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நானும் காலனிதான். இந்த ஊருல பெரிய பெரிய ஊடு கட்டிட்டேன். சுவரு நாங்கட்டலாம். பூஜ ரூம்புக்கு டைல்ஸ் ஒட்ட வேற ஆளு வருவான்."

அவர் போய்விட்டார்.

மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று காரில் வரும்போது கலியபெருமாள் சொல்லியிருந்தார். இப்போது வயிறு சரியில்லை என்றார். காருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. "நீங்க பஸ்ல வந்துடுவீங்க இல்ல? நெறைய பஸ் கீது." நிறைய இருக்கிறது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

தனியாகச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. கோபுரம் வரை நடந்தேன். உள்ளே போகவில்லை. வெளியூர்க்காரர்கள் ஒரு கூட்டமாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தன் மனைவியிடம், "இதுக்குத்தான் இவ்வளவு தூரமா, வெயில்ல கால் சுடுது" என்றார். அந்த அம்மாள், "உனக்கு எங்க போனாலும் காலுதான்" என்றார். நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

கடலூர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டுக் கீழே நின்றேன். சக்திவேல் பைக்கில் வந்தார். கையில் ஒரு பை. தேங்காய் மூடி, வாழைப்பழம்.

"பூஜ சாமான். வுட்டுட்டு வந்துட்டீங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"மாமா போன் பண்ணாரு."

"சொல்லுங்க."

"பாப்பா இப்பதான கொழந்த பெத்து கீது. பச்ச ஒடம்பு. ஒடம்பத் தேத்திக்கட்டும்னு மாமா நெனைக்கிறாரு. அக்காவும் அதான் சொல்லுது. பாவம், இந்த நேரத்துல அதுக்கு எதுக்கு இந்த அலைச்சல்னு."

"அவ அலையலைங்களே. நாந்தான அலையறேன்."

அவர் பைக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். மறுபடி பழையபடி வைத்தார்.

"வேலை இல்லைங்கறீங்க" என்றேன்.

"இப்போதிக்கு."

"சரிங்க."

"என்னத் தப்பா எடுத்துக்காதீங்க. மாமா முடிவுதான். நான் சும்மா. அப்புறம்..." அவர் என்னைப் பார்க்காமல் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். "கூட்டத்துல பேசுனதெல்லாம் எழுதி அனுப்பறேன்னு பாப்பா சொல்லிச்சு இல்ல. அத மட்டும் அனுப்பச் சொன்னாரு. வேற யாரு செஞ்சாலும் அது தேவப்படும்னு."

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

"அவகிட்டயே கேளுங்க. கூட்டம் அவளுது."

"எப்புடிங்க கேக்கறது?"

"என்கிட்ட எப்படிக் கேட்டீங்க? அப்படித்தான்."

 அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ் ஆற்றுப் பாலம் ஏறும்போது மகளை அழைத்தேன். முன் சீட்டில் இரண்டு பேர் ஒரு நிலத்து விஷயம் பேசிக்கொண்டு வந்தார்கள். சத்தம் அதிகம். அதனால் நானும் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. இந்த விஷயத்தைச் சத்தமாகப் பேசுவது கஷ்டம். சக்திவேல் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

போனில் குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னதாலதான்" என்றேன்.

"சொல்லச் சொன்னது நானு."

"பேச வேண்டாம்னு முதல்லயே சொன்னியே. அதோட நின்னிருக்கோணும்."

"விடுப்பா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அவங்க பேசினதை எழுதி முடிச்சுட்டேம்ப்பா. அப்பவே உக்காந்து எழுதிட்டேன். நல்லா வந்திருந்துச்சு."

"அழிச்சுடு."

"ம்."

முன் சீட்டுக்காரர்கள் இறங்கினார்கள். பஸ்ஸில் கொஞ்சம் சத்தம் குறைந்தது. அவள் வேறு குரலில் கேட்டாள். தொழில் பேசுகிற குரல்.

"அப்பா, அந்தக் கடைசிக் கேள்வியை நான் எடுத்துடட்டுமா? மனசுல என்ன உறுத்துதுன்னு கேக்கறது. அடுத்த வேலைன்னு ஒண்ணு வந்தா."

நான் யோசித்தேன். எனக்கு இந்தத் தொழில் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டதால்தான் சொன்னேன்.

"எடுக்காதே" என்றேன். "கடைசில கேக்காதே. முதல்ல கேளு."

"முதல்லயே கேட்டா யாரும் வாயத் தெறக்க மாட்டாங்கப்பா. கொஞ்சம் பழகணும்ல."

"இவங்க நல்லாத்தான் பழகினாங்க."

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"முதல்லயே கேளு" என்றேன். "நான் பஸ் ஏறறதுக்கு முன்னாடி."